தம்பி பாத்திரம் கழுவிய வீடியோ

என் தம்பிக்கு எல்லாரும் கைதட்டிய நாளில் எனக்கு வயிறு எரிந்தது. இப்போது நினைத்தாலும் கொஞ்சம் எரியத்தான் செய்கிறது, மறைத்து என்ன ஆகப்போகிறது.

தாராவியில் எங்கள் பள்ளிக்கூடத்தில் அப்போது நான் பத்தாம் வகுப்பு, அவன் எட்டு. வீட்டு வேலை பெண்களுக்கு மட்டும் எழுதி வைத்ததல்ல என்று அவன் டீச்சர் பாடம் நடத்தினார். பையன்கள் ஆளுக்கொரு வேலை செய்து, அதை வீடியோ எடுத்து வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் போட வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். நல்ல பாடம்தான், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

தம்பிக்குப் பாத்திரம் கழுவுவது என்று வீட்டில் முடிவானது. அடிபிடித்த குழம்புச் சட்டியை மட்டும் முன்னாடியே என்னைத் தேய்த்துவைக்கச் சொன்னாள் அம்மா. பிள்ளைக்குக் கை நொந்துவிடுமாம். மீதியிருந்த டம்ளர்களோடு அவனைக் குழாயடியில் பாத்திரம் கழுவும் மோரியில் குந்தவைத்தோம். போனைப் பிடித்தது நான்.

“ஏட்டி, கிட்டப் போய் எடு. புள்ள மூஞ்சி தெரியணும்லா,” என்றாள் அம்மா.

சின்ன வயதிலிருந்து அதே மோரியில்தான் நானும் குந்தியிருக்கிறேன். என் மூஞ்சியை யாரும் எடுத்ததில்லை.

வீடியோ அம்பர்நாத்தில் இருக்கும் அத்தை வரைக்கும் போனது. “எம் மருமவன் தங்கம்லா!” என்று குரல் பதிவு அனுப்பினாள். அன்றைக்குச் சாப்பாட்டில் முட்டை அவன் தட்டுக்குப் போனது. எப்போதும் அவனுக்குத்தான் போகும், வளருகிற ஆம்பளைப் பிள்ளை என்று. அன்றைக்குக் காரணம் மட்டும் மாறியிருந்தது.

“பாவம், வேலை செஞ்ச புள்ள,” என்றாள் அம்மா. நான் வெறும் குழம்பைப் பிசைந்து சாப்பிட்டேன்.

பெற்றோர் கூட்டத்தில் டீச்சர் வீடியோக்களைத் திரையில் போட்டார். தம்பி வந்ததும் அம்மாக்கள் எல்லாரும் கைதட்டினார்கள். ஒருத்தி கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டாள். எங்கள் அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. அதற்குள் வீடியோவில் என் குரல் கேட்டது: “ஏல, சோப்பு போகல. திருப்பிக் கழுவு.”

டீச்சர் வீடியோவை நிறுத்தினார். “பேசுறது யாரு?”

“அது இவன் அக்கா, டீச்சர். சும்மாதான் நின்னா,” என்றாள் அம்மா.

பின்வரிசையில் உட்கார்ந்திருந்த என்னை டீச்சர் எழுந்திருக்கச் சொன்னார். “தம்பி வேலை செய்யறதைப் பார்க்க உனக்கு எப்படிம்மா இருக்கு?”

பெருமையாக இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். அம்மா சொன்ன அந்த ‘சும்மாதான்’ விடவில்லை.

“பொறாமையா இருக்கு டீச்சர்.”

கூட்டம் சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. அடுத்த வீடியோவைப் போட்டார்.

வீட்டுக்குள் நுழைந்ததும், “ஏட்டி, பாத்திரம் கெடக்கு,” என்றாள் அம்மா. பாடம்தான் முடிந்துவிட்டதே, தம்பி கிரிக்கெட் பேட்டை எடுத்துக்கொண்டு வெளியே ஓடிவிட்டான். நான் மோரியில் குந்தி, போனை அம்மாவிடம் நீட்டினேன்.

“நான் கழுவுதேன், நீ எடு. மூஞ்சி தெரியணும்.”

அம்மா போனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவள் குரலில் கோபமும் இல்லை, கிண்டலும் இல்லை. நிஜமாகவே விளங்காமல்தான் கேட்டாள்.

“தெனமும் செய்யுததை எதுக்குட்டி வீடியோ எடுக்கணும்?”