பெற்றோல் மணத்த கிணறு

மூன்று மாதமாகப் பெற்றோல் மணக்கும் தேத்தண்ணி குடித்தேன். முகம் சுழிக்காமல் குடித்தேன். அதைத்தான் இந்த வாரப் பத்தியில் சொல்லியாக வேண்டும்.

எங்கள் ஊர் கல்முனைக்குப் பக்கம். பெயர் வேண்டாம். மெயின் ரோட்டில், வாகனங்களுக்குப் பெற்றோல் அடிக்கும் செட் ஒன்று. அதன் பின்மதிலை ஒட்டிய ஒழுங்கையில் நசீரா ராத்தாவின் வீடு. கணவர் மௌத்தான பிறகு, இடியப்பம் அவித்து விற்றே மகளைக் கெம்பஸ் வரை அனுப்பிவிட்டவர். இப்போது தனியாக இருக்கிறார். காலையில் இடியப்பப் பார்சல் வாங்கப் போனால் தேத்தண்ணி தராமல் விடமாட்டார்.

அந்தத் தேத்தண்ணிதான் மணத்தது.

செட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் மணக்காதா என்று நினைத்தேன். குடிக்கக் குழாய்த் தண்ணீருக்கு மாறிவிட்ட அயல்வீட்டாரும் அப்படித்தான் நினைத்தார்கள். தவிர, ஊற்றித் தருபவரிடம் எப்படிச் சொல்வது? சங்கடம்... வெறும் சங்கடம்!

ஒருநாள் போனால் அடுப்பு அணைந்து கிடக்கிறது. ராத்தா மூலையில் உட்கார்ந்திருக்கிறார்.

"இடியப்பம் வாங்குற ஆக்கள் ஒவ்வொருத்தரா நிண்டுட்டாங்க தங்கச்சி. நான் யாருக்கு என்ன செஞ்சன்?"

இனியும் மறைக்க முடியவில்லை. "ராத்தா... உங்கட தண்ணி பெற்றோல் மணக்குது."

அவர் என்னையே பார்த்தார். கொரோனா வந்துபோன நாளிலிருந்து அவருக்கு எந்த மணமும் தெரிவதில்லையாம். அப்போதுதான் சொன்னார்.

"எத்தின நாளா மணக்குது?"

"மூணு மாசம் இரிக்கும்."

"மூணு மாசமா என்ட ஊட்ட குடிச்சிட்டு, ஒரு வார்த்த செல்லாமப் போனீங்களா?"



அன்றே சுற்றாடல் அலுவலகத்தில் முறைப்பாடு எழுதிக் கொடுத்தோம். சில நாளில் சுற்றாடல் அதிகாரி ஒருவர் வந்தார். இளம் பெண். வாளியில் அள்ளிய தண்ணீரை வெயிலில் வைத்தார். மேலே மெல்லிய வானவில் நிறம் மிதந்தது.

"கொதிக்க வெச்சா சரியா வருமா மிஸ்?" என்று ராத்தா கேட்டார்.

"வேணாம் அம்மா. கொதிக்க வெச்சா பெற்றோல் ஆவிதான் வீட்டுக்குள்ள பரவும். அடுப்புக்குக் கிட்டக் கொண்டு போகவே வேணாம்."

ராத்தா இடியப்பத் தட்டுகளைத் திரும்பிப் பார்த்தார். இத்தனை நாளும் அந்த ஆவிக்கு முன்னால் நின்றவர் அவர்தானே.

செட் முதலாளி ஹாஜியார் வந்து நின்றார். "என்ட செட்டுல லீக் ஒண்டும் இல்ல மிஸ். எல்லாம் சரியாத்தான் இரிக்கி" என்றார்.

அதிகாரி வாதாடவில்லை. கையால் திருகித் துளையிடும் கம்பியை எடுத்தார். கிணற்றடியில் ஒரு துளை. ஒழுங்கையில் ஒன்று. மதிலடியில் ஒன்று. நம் கரையோர மண் வெறும் மணல் - மேலே எது ஒழுகினாலும் வடிகட்டாமல் கீழே விட்டுவிடும். மதிலை நெருங்க நெருங்க மணம் ஏறியது. பிறகு செட்டுக்குள்ளேயே, தாங்கியிலிருந்து பம்புக்குப் போகும் குழாயின் அருகே கடைசித் துளை.

வந்த மணலை அதிகாரி நீட்டினார். ஹாஜியார் கையில் வாங்கி, முகத்தருகே கொண்டு போனார். பிறகு திரும்பி, வேலையாட்களிடம் சொன்னார்.

"பம்பெல்லாம் பூட்டுங்க."

நிலத்தடிக் குழாயின் மூட்டு ஒன்று விட்டிருந்தது. தோண்டியபோது தெரிந்தது.

குழாய் மாற்றியாயிற்று. ராத்தாவுக்குக் குழாய்த் தண்ணீர் வந்தது. இருமல் இருந்ததால் ஆஸ்பத்திரியில் காட்டினோம். இன்னும் கிளினிக் போகிறார். கிணற்றுக்கு மூடி போட்டார்கள். எப்போது நல்ல தண்ணீர் வரும் என்று கேட்டதற்கு, "வருஷக்கணக்காகலாம், சரியாச் சொல்ல ஏலாது" என்றார் அதிகாரி. செட்டில் ஒரு குழாயை ஒரே நாளில் மாற்றலாம். மண்ணுக்குள் போனதை?

சென்ற வெள்ளி அசர் தொழுகைக்குப் பிறகு ஹாஜியார் ராத்தாவின் வாசலுக்கு வந்தார்.

"என்னை மன்னிச்சிருங்க புள்ள. தெரியாமப் போச்சி."

ராத்தா முக்காட்டைச் சரிசெய்துகொண்டார். "என்னோட மட்டும் முடியிற விஷயமில்ல ஹாஜியார். இந்த ஒழுங்கையில இன்னும் ஆறு கிணறு இரிக்கி. ஆக்கள் அதுல குளிக்காங்க. ஊடு ஊடாப் போய், தண்ணி பழுது எண்டு நீங்களே செல்லுங்க."

அவர் போனார். நானும் கூடப் போனேன். நான்கு வீட்டில் கேட்டுக்கொண்டார்கள். ஐந்தாவது வீட்டில் ஏசினார்கள். ஆறாவது வீட்டில் உள்ளே கூப்பிடவே இல்லை.

வெளியில் நின்றே சொன்னார். ஆனால்... சொன்னார்!