வலப்பக்கம் எழுதாத வரிகள்

என் மேசை இழுப்பறையில் ஒரு சின்னக் கொப்பி இருக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். பல மாதம் ஒருவருடைய சட்டைப் பையில் கிடந்ததால் அதன் அட்டை வளைந்து, அந்த வளைவிலேயே நின்றுவிட்டது. வியர்வை பட்ட இடங்களில் மை கசிந்திருக்கும். ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் மேலிருந்து கீழாக ஒரு கோடு. இடப்பக்கம் தமிழ். வலப்பக்கமும் தமிழ் எழுத்துத்தான், ஆனால் பாஷை இங்கிலீஷ். ‘வா புள்ள’ என்பதற்கு நேரே ‘கம் பேபி’. ‘கையக் கழுவு’ என்பதற்கு நேரே ‘வோஷ் யுவர் ஹான்ட்’. ‘அழாத’ என்பதற்கு நேரே ‘டோன்ட் க்ரை’. இதை எழுதியவர் ஒரு புடவைக்கடை விற்பனையாளர். எழுத வைத்தவள் நான்.

ஏழெட்டு வருடத்துக்கு முந்திய கதை. அப்போது நான் வெள்ளவத்தையில், கடற்பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் இருந்த பாலர் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். டிப்ளோமா முடித்த கையோடு வந்தவள். எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்ற நினைப்பும் கொஞ்சம் இருந்தது. ஜனவரியில் பிள்ளைகளைச் சேர்க்க வரும் பெற்றோருக்கு ஒரு பாடம் ஒப்புவிப்பேன். “வீட்டில இங்கிலீஷில மட்டும் கதையுங்கோ. ரெண்டு மூண்டு பாஷை கதைச்சா பிள்ளை குழம்பிப்போகும்.” எனக்கு இதை யார் சொன்னார்கள் என்று இன்றைக்கும் நினைவில்லை. எல்லோரும் சொன்னார்கள், நானும் சொன்னேன். தொடர்மாடி வீடுகளிலிருந்து வந்த அப்பா அம்மாமார் தலையாட்டிவிட்டுப் போவார்கள். இரண்டு நாள் செய்து பார்ப்பார்கள். மூன்றாம் நாள் சண்டை வந்தால் தமிழ், கொஞ்சல் வந்தால் தமிழ், மீன்காரனோடு சிங்களம் என்று எல்லாம் பழையபடி ஆகிவிடும். பிள்ளைகளும் வாய் ஓயாமல் பேசக் கற்றுக்கொள்ளும். என் புத்திமதியை அவர்கள் காற்றில் விட்டதால்தான் அந்தப் பிள்ளைகள் பேசின என்பது தெரியாமல், பெயரை நான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

சொன்னதைச் சொன்னபடி செய்த ஒரே மனிதர் அவர்தான். மலைநாட்டிலிருந்து கொழும்புக்கு வந்து, கொட்டாஞ்சேனையில் ஓர் அறையில் குடியிருந்தார். மனைவிக்கு வத்தளையில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை. விடியுமுன் போனால் பொழுதுபட்டுத்தான் வருவா. ஆகவே மகள் அவர் பொறுப்பு. காலையில் பஸ்ஸில் அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு வெள்ளவத்தைக்கு வருவார், எங்களிடம் விடுவார், காலி வீதியில் இருந்த தன் புடவைக்கடைக்குப் போவார். மத்தியானம் வந்து கூட்டிப்போய் வேலை முடியும்வரை கடையிலேயே வைத்திருப்பார். எங்கள் வகுப்பில் குட்டிக் கதிரைகள்தான் இருந்தன என்றாலும் பெற்றோர் மடங்கி உட்கார்ந்துவிடுவார்கள். அவர் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. டீச்சருக்கு முன்னால் உட்காருவதா என்று நினைத்திருப்பார்.

சேர்க்க வந்த அன்று அவளுக்கு மூன்று வயது ஆக இரண்டு மாதம் இருந்தது. நான் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தேன். அவள் தகப்பனின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, “அப்பா, தண்ணி” என்றாள். தெளிவாகத்தான் சொன்னாள். நான் நிமிர்ந்து பார்த்து, “வோட்டர் எண்டு சொல்லப் பழக்குங்கோ” என்றேன். பிறகு என் பாடத்தை ஒப்புவித்தேன். அவர் கவனமாகக் கேட்டார். “சரிங்க டீச்சர். எனக்கு இங்கிலீஷ் கொஞ்சந்தான் வரும். கேட்டுக் கேட்டுப் பழகிக்கிறேன்” என்றார். மறுநாள் சட்டைப் பையில் அந்தக் கொப்பி இருந்தது. கடையில் காசாளராக இருந்த பெண்ணிடம் ஒவ்வொரு வசனமாகக் கேட்டு எழுதிக்கொண்டாராம். வாரத்தில் ஒருநாள் வாசலில் நின்று, “இது சரிங்களா டீச்சர்?” என்று எனக்குக் காட்டுவார். எனக்குப் பெருமையாக இருந்தது. மற்றப் பெற்றோருக்கு அவரை உதாரணம் காட்டியிருக்கிறேன்.

சின்னப் பிள்ளைகள் பேசத் தொடங்குவதை வருடாவருடம் பக்கத்தில் இருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியும், நாங்கள் படிப்பிக்கிற சொல் அவர்கள் வாயில் முதலில் வராது. வீட்டிலும் ரோட்டிலும் காதில் விழுவதுதான் வரும். ஒருத்தி வந்த முதல் நாளே இடுப்பில் கைவைத்து, “எத்தினை தரம் சொல்லுறது?” என்று என்னைக் கேட்டாள். ரயில் பாதைக்குப் பக்கத்து வீட்டுப் பையன் அம்மா என்பதற்கு முன் ரயிலைக் காட்டி, கோச்சி என்றானாம். காலி வீதிப் பிள்ளை ஒன்று, புறக்கோட்டைக்கு ஆள் கூப்பிடும் பஸ் கொண்டக்டரின் ‘பிடகொட்டுவ, பிடகொட்டுவ’வை ராகம் மாறாமல் கூவும். இவளிடமிருந்து மட்டும் ஒன்றும் வரவில்லை. மாசியில் தலையசைத்தாள். சித்திரையில் கையைக் காட்டினாள். ஆடி வந்தபோது அதுவும் குறைந்து, யன்னலோரம் போய் நின்றுகொள்வாள். விழுந்து முழங்கால் உரசினாலும் சத்தம் வராது, கண்ணீர் மட்டும் ஓடும்.

காது பரிசோதித்தார்கள். காது நன்றாக இருந்தது. எங்கள் பெரிய டீச்சர் தகப்பனைக் கூப்பிட்டு, மார்கழிக்குள் பிள்ளை வாய் திறக்காவிட்டால் அடுத்த வகுப்பில் எடுக்க முடியாது, வேறு இடம் பாருங்கள் என்று சொன்னா. அவர் வெளியே வந்து என்னிடம், “நான் இன்னும் நல்லா இங்கிலீஷ் பழகணும் போல டீச்சர். என்னாலதான் புள்ளைக்கு லேட்டாவுது” என்றார். நான் ஆறுதல் சொன்னேன். இன்னும் முயற்சி செய்யுங்கோ என்றேன். அதை நினைத்தால் இப்போதும் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

புரட்டாதியில் நவராத்திரி வாணிவிழாவுக்கு டீச்சர்மார் எல்லோரும் ஒரே நிறத்தில் சாறி கட்டுவது என்று முடிவானது. நிறம் பார்த்து வரும் வேலை எனக்கு. ஒரு பின்னேரம் அவருடைய கடைக்குள் நுழைந்தேன். நல்ல சனம். அவர் என்னைக் காணவில்லை. நான் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன், ஏனென்றால் நான் அறிந்த மனிதர் அங்கே இல்லை. என் வாசலில் ஒவ்வொரு சொல்லாக எண்ணி வைப்பவர், அங்கே அருவி மாதிரிக் கொட்டிக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்து அம்மா ஒருவருக்கு, “வாங்கோ அக்கா, தொட்டுப் பாருங்கோ, கழுவினாச் சாயம் போகாது.” அடுத்த நிமிடம் முஸ்லிம் பெண் ஒருவருக்கு, “வாங்க ராத்தா, உங்களுக்கெண்டே புதுசா வந்திருக்கு.” அதற்கடுத்து ஒரு சிங்களப் பெண்மணிக்கு, “என்ட நோனா, பலன்ட” என்று, வாங்கம்மா பாருங்கம்மா என்பதே சிங்களத்தில். ஆளுக்கு ஒரு பாஷை, ஆளுக்கு ஒரு சிரிப்பு. சும்மா வந்தவர்களும் வாங்கிக்கொண்டு போனார்கள்.

அப்போது கவுண்டருக்குக் கீழேயிருந்து இன்னொரு குரல் கேட்டது. குனிந்து பார்த்தேன். துணி சுற்றி வருகிற மட்டைக் குழாய்கள் மூன்றை வரிசையாக நிறுத்தி வைத்து, என் வகுப்பில் எட்டு மாதம் வாய் திறக்காத பிள்ளை வியாபாரம் செய்துகொண்டிருந்தாள். ஒரு கைத்துண்டை முழங்கையில் விரித்துப் போட்டு, முதல் குழாய்க்கு, “வாங்கோ அக்கா, தொட்டுப் பாருங்கோ, சாயம் போவாது” என்றாள். இரண்டாவதுக்கு, “வாங்க ராத்தா.” மூன்றாவதன் பக்கம் திரும்பி, குரலையும் மாற்றி, “என்ட நோனா.” ஓரிடத்திலும் தடுமாறவில்லை. எந்தக் குழாய்க்கு எந்தப் பாஷை என்பதில் அவளுக்குக் குழப்பமே இல்லை. நான் அங்கேயே குந்திவிட்டேன். அவர் திரும்பி என்னைக் கண்டு, சங்கடத்தோடு சிரித்து, குனிந்து மகளைப் பார்த்தார். அவர் முகம் தெரிந்ததும் அவள் வாயை மூடிக்கொண்டாள். மற்றவர்களுக்குக் கொட்டிய அதே வாயால் அவர், “கம் பேபி. ஈட் பிஸ்கட்” என்றார். மரக்கட்டை பேசுவது போலிருந்தது. அவள் பேசாமல் பிஸ்கட்டை வாங்கிக்கொண்டாள்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவளுக்குப் பேச்சு இருந்தது. பேச்சு என்பது அப்பா மற்றவர்களோடு செய்கிற ஒன்று, தன்னோடு செய்யாத ஒன்று என்றும் அவள் தெரிந்துவைத்திருந்தாள். அந்த எண்ணத்தை அவளுக்குக் கொடுத்தது நான். அப்படியும் அடுத்த இரண்டு நாள் நான் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. வெட்கம். பெரிய டீச்சருக்குத் தெரிந்தால் என்ன நினைப்பா, மற்றப் பெற்றோருக்குத் தெரிந்தால் என் மரியாதை என்ன ஆகும் என்றெல்லாம் யோசித்தேன். அந்த இரண்டு நாளும் அந்தப் பிள்ளை யன்னலோரம்தான் நின்றது. இதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் குறிப்பு பொய்யாகிவிடும்.

மூன்றாம் நாள் மத்தியானம் மகளைக் கூட்டிப்போக வந்தவரை உள்ளே கூப்பிட்டேன். வழமைபோல நின்றார். நானும் எழுந்து நின்றேன். “நான் உங்களுக்குச் சொன்னது பிழை. தெரியாமச் சொல்லிட்டன். பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை. வீட்டில ஆருமே அவளோட கதைக்காமத்தான் அவள் இப்பிடி இருக்கிறாள்” என்றேன். ஏசுவார் என்று நினைத்தேன். ஏசியிருக்கலாம். “அவ அம்மாவும் புள்ள தூங்கினப்புறந்தான் வாயத் தொறப்பா டீச்சர். அதுவரைக்கும் ரெண்டு பேரும் சைகதான். டீச்சர் சொன்னத மீறக்கூடாதுன்னு” என்றார். பிறகு, என் முகத்தை நேராகப் பார்க்காமல், கேட்டார்.

“அப்ப நான் புள்ளகூட பேசலாங்களா டீச்சர்?”

ஓம் என்று தலையை ஆட்டினேன். அவர் சட்டைப் பையிலிருந்து கொப்பியை எடுத்து என் மேசையில் வைத்துவிட்டு, “இது இனி வேணாந்தானே” என்று சொல்லிப் போனார். யன்னலால் பார்த்தேன். படியில் குந்தி மகளுக்குச் சப்பாத்து மாட்டிக்கொண்டு ஏதோ சொன்னார். அவள் அவர் வாயையே பார்த்தாள். ஒழுங்கை நெடுகச் சொல்லிக்கொண்டே போனார். ஒரு கையால் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு மறுகையை வீசி வீசி, சந்தி திரும்பும்வரை சொல்லிக்கொண்டே போனார்.

மறுநாளே ஒன்றும் நடந்துவிடவில்லை. இரண்டு கிழமை போயிருக்கும். நான் கீழே உட்கார்ந்து வர்ணப் பென்சில்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது அவள் வந்து என் சாறித் தலைப்பைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். “இது சாயம் போவும் டீச்சர்” என்றாள். அதுதான் அவள் என்னோடு பேசிய முதல் பேச்சு. வேறு கடையில் வாங்கிய சாறி. உண்மையிலேயே சாயம் போனது. நான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவள், “அழுவாத டீச்சர், வேற எடுத்துக் காட்டுறேன்” என்றாள். மார்கழியில் பெரிய டீச்சருக்கு அவளை எடுக்க மறுக்க ஒரு காரணமும் இருக்கவில்லை. அவளை வகுப்பில் அமைதியாக வைத்திருப்பதுதான் பிறகு பெரும் பாடாகிவிட்டது.

இப்போது நான் தெஹிவளையில் வேறொரு பாலர் பாடசாலையில் இருக்கிறேன். ஜனவரி வந்தால் அதே கேள்வியோடு வருகிறார்கள். போன ஜனவரியில் வங்கியில் வேலை செய்யும் ஓர் இளம் தாய், மகனை மடியில் வைத்துக்கொண்டு, “வீட்டில இங்கிலீஷ் மட்டும் கதைச்சா நல்லந்தானே டீச்சர்?” என்று கேட்டா. நான் இழுப்பறையைத் திறந்து கொப்பியைக் கொடுத்தேன். முன்பக்கங்களைப் பார்த்துச் சிரித்தா. அழகாயிருக்கு என்றா. நடுப்பக்கங்களுக்கு வந்ததும் சிரிப்பு நின்றது. அங்கே இடப்பக்கம் நிறைந்திருக்கும், வலப்பக்கம் வரிக்கு வரி வெறுமை. காசாளர் பெண்ணிடம் கேட்கக் கூச்சப்பட்டாரோ, கேட்டும் அவளுக்குத் தெரியவில்லையோ, அந்த வரிகளுக்கு அவருக்கு இங்கிலீஷ் கிடைக்கவில்லை. கிடைக்காததால் எட்டு மாதம் அவற்றைச் சொல்லவும் இல்லை. ‘என் செல்லக்குட்டி.’ ‘இன்னைக்கு என்னா வெளையாடுன?’ ‘பயப்படாத, இடி சத்தம்தான்.’ எல்லாவற்றுக்கும் கீழே, பேனையை அழுத்தி எழுதிய ஒன்று: ‘அம்மா வர நேரமாவும், அப்பா இருக்கேன்ல.’

அந்தத் தாய் கொப்பியை மூடித் தந்துவிட்டு மகனை மடியிலிருந்து இறக்கினா. பிறகு, “வாடா, வீட்ட போய்ச் சாப்பிடுவம்” என்று கூட்டிக்கொண்டு போனா. எனக்கு இங்கிலீஷ் நன்றாகவே வரும். அந்த வரிகளின் வலப்பக்கத்தை ஒரு நிமிடத்தில் நிரப்பிவிடுவேன். இத்தனை வருடத்தில் பேனை எடுத்ததில்லை. அந்த வெறுமை நான் செய்த வேலை. அதை அப்படியே வைத்திருக்கிறேன்.