ஈமுக்கு அடை வைத்த பேச்சாயி

எரியோடு பக்கம் கோழிக்கு அடை வைக்க வேண்டுமென்றால் பேச்சாயியைத்தான் கூப்பிடுவார்கள். முட்டையைக் காதோரம் ஆட்டிப் பார்த்தே கூமுட்டை எது என்று சொல்லிவிடுவாள். அப்பேர்ப்பட்டவள்தான் ஈமு விஷயத்தில் ஏமாந்தாள்.

2007 வாக்கில் ஊரே ஈமு ஈமு என்று அலைந்தது. அவள் புருஷன் ஆண்டிச்சாமியும் கடலைக்காட்டில் கம்பிவலை அடித்து ஒரு ஜோடியைக் கொண்டுவந்து விட்டார். நெஞ்சுக்குள்ளிருந்து கொட்டுச் சத்தம் கொடுப்பது பெட்டை, உறுமுவது சேவல் என்று கம்பெனிக்காரன் சொல்லிக்கொடுத்தான். முட்டையைத் தானே எடுத்துப்போய் மிஷினில் பொரிப்பதாகவும் சொன்னான். இரண்டு வருஷம் கழித்து, கார்த்திகையில் பெட்டை முட்டையிட்டபோது ஆள் வரவில்லை, போனும் எடுக்கவில்லை.

"அவன் வராட்டிப் போறான். நான் பொரிச்சுக் காட்டுறேன்" என்றாள் பேச்சாயி.

ஏழெட்டு முட்டை சேர்ந்தன. கரும்பச்சை நிறம், கை கொள்ளாத கனம். ஒருநாள் பார்த்தால் அதன்மேல் சேவல் உட்கார்ந்திருக்கிறது. மறுநாளும் எழவில்லை. முட்டையை உடைத்துக் குடிக்கத்தான் காவல் கிடக்கிறது என்று பேச்சாயி முடிவு கட்டிவிட்டாள்.

"ஏலே, பொட்ட இட்டதுல ஒனக்கென்ன சோலி?"

இரண்டு பேரும் சாக்கைப் போட்டு மூடி, தள்ளிக்கொண்டு போய் அடுத்த அடைப்பில் விட்டார்கள். பெட்டையோ தான் இட்டதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வேலியோரம் உலாத்தியது. வைக்கோல் பரப்பி அதை உட்காரவைக்க ஒரு மாதம் மல்லுக்கட்டினாள் பேச்சாயி.

மாட்டுக்கு ஊசி போட வந்த டாக்டர்தான் சொன்னார்: "ஈமுல அடைகாக்குறது ஆணும்மா. ஒக்காந்துச்சுன்னா ஐம்பது நாளுக்கு மேல தீனி, தண்ணி எடுக்காது. யாரும் சொல்லலையா?"

யாரும் சொல்லவில்லை. இதைக்கூடச் சொல்லாமல் ஜோடி விற்றவனைத் திட்ட எனக்கு வாயில் வருகிறது, எழுத முடியவில்லை.

பேச்சாயி ஓடிப்போய் முட்டைகளை ஆட்டிப் பார்த்தாள். எல்லாம் களகளவென்றது, அத்தனையும் கூமுட்டை. அவள் வாய் திறப்பதற்குள் ஆண்டிச்சாமி மனசு கேட்காமல் அடைப்பைத் திறந்துவிட்டார். சேவல் நேராக வந்து, அலகால் ஒவ்வொன்றாகப் புரட்டி வைத்து, மேலே உட்கார்ந்துவிட்டது.

வீணாகப் பட்டினி கிடக்குமே என்று அடியிலிருந்த முட்டைகளை எடுத்துவிட்டுப் பார்த்தார்கள். சேவல் வெறும் மண்ணை அலகால் துழாவியது, பிறகு அந்த மண்மேலேயே உட்கார்ந்தது. பேச்சாயிக்குத் தாங்கவில்லை. திரும்பக் கொண்டுபோய் வைத்தாள்.

மாசி பிறந்தது. சேவலின் தொடை வற்றி எலும்பு தெரிந்தது. தினமும் கம்பு ஊறவைத்து முகத்துக்கு நேரே நீட்டினாள். அது கழுத்தைத் திருப்பிக்கொண்டது. தன் கையாலேயே ஓர் உயிரைக் கொல்கிறோமே என்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஒருநாள் மத்தியானம் அதன் அடியில் ஒரு முட்டை வெடித்தது. நாற்றம் தெருவரை போனது. சேவல் தள்ளாடி எழுந்தது. விட்டது சனி என்று பேச்சாயி தீனித் தட்டோடு ஓடினாள்.

சேவல் உடைந்த ஓடுகளை அலகால் ஒதுக்கியது. மிச்சமிருந்ததை ஒன்றுவிடாமல் அடிவயிற்றுக்குக் கீழே இழுத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தது.

"அம்புட்டும் செத்துப்போச்சு அப்பு, எந்திரி" என்று அழுதாள் பேச்சாயி.