வரிசையில் மூன்றாவது ஆள்

வட பிரான்சில் ஒரு சிற்றூர். அதன் வரலாற்றைப் பளபளவென்று புத்தகமாகப் போட்டிருக்கிறார்கள். அந்நாட்டில் வேலை பார்க்கும் என் தங்கை வாங்கி, பர்மாவில் எங்களுக்கு, யாங்கோனுக்கு அனுப்பியிருந்தாள். முதல் உலகப்போரில் ஊர் தரைமட்டமானதும் மீண்டும் எழும்பியதும் பக்கம் பக்கமாக இருக்கிறது. இங்கிருந்து கப்பலேறிப் போய் அவர்களுக்கு ரோடு போட்ட கூலிகளைப் பற்றி ஒரு வரி கிடையாது. அந்தக் கூலிகளில் ஒருவர் என் கொள்ளுத்தாத்தா. அவர் திரும்பவில்லை. கூடப் போனவர் கொண்டுவந்த போட்டோ மட்டும் வீடு வந்து சேர்ந்தது.

அதே போட்டோ புத்தகத்திலும் இருந்தது! அதே இடிந்த சுவர், அதே மண்வெட்டிகள், அதே ஒன்பது பேர். கீழே என்ன எழுதியிருக்கிறது என்று தங்கையைப் போனில் கேட்டேன்.

"பேர் தெரியாத சீனக் கூலிங்கன்னு போட்டிருக்காங்கக்கா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்றாவதாக நிற்பவர் எங்கள் ஆள் என்று அந்த ஊர் வரலாற்றுச் சங்கத்துக்குக் காரசாரமாக எழுதச் சொன்னேன். எங்கள் படத்தைக் கேட்டார்கள், அனுப்பினோம். உங்கள் படத்தில் முகமே இல்லாதவரை எப்படி அடையாளம் சொல்கிறீர்கள் என்று பதில் வந்தது. எவ்வளவு திமிர்!

ஆனால் முகம் இல்லைதான். படத்துக்குக் கண்ணாடி போட்டால் பொட்டு அவருக்குப் போய்ச் சேராது என்று, திதிக்குத் திதி படத்தின் மேலேயே சந்தனம் வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். பழைய பொட்டை ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து, மற்ற எட்டுப் பேரை விட்டுவிட்டு எங்கள் ஆளை மட்டும் அழித்துவிட்டோம். அவர்களைத் திட்டிய வாயால் எங்களையும் திட்டிக்கொண்டேன்.

இந்தத் திதிக்குப் புத்தகத்தை விரித்து வைத்தேன். அதில் முகம் தெளிவாக இருந்தது. பொய் எழுதியிருந்த வரியை மட்டும் கறுப்பு மையால் அடித்திருந்தேன். அம்மா விரலில் சந்தனத்தோடு வந்தாள்.

"தொடாத!" என்று கத்திவிட்டேன்.

"பொட்டு வைக்காம எப்படிடி அவருக்குச் சோறு படைக்கிறது?"

ஒரு கண்ணாடித் துண்டை எடுத்துப் பக்கத்தின் மேல் வைத்தேன். அம்மா குனிந்தாள். தன் தாத்தாவை அவள் பார்த்ததே இல்லை. விரல் அப்படியே நின்றது.

"எங்கப்பா மூஞ்சிடி இது," என்றாள். "இத எழுதினியா அவங்களுக்கு?"