மேலே போனவர்

என் வீட்டுக்காரர் ஜேசிபி ஓட்டுகிறவர். சங்கரன்கோவில் சுற்றுவட்டாரக் கண்மாய்களில் கரம்பை மண் அள்ளிக்கொண்டிருந்தவருக்கு, வடக்கே எல்லைக்குப் போகிற மலைச்சாலையில் பனி அள்ளுகிற ஒப்பந்த வேலை கிடைத்தது. போகக் கூடாது என்று மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். நாலாம் நாள், எங்கள் ஊர் வெயிலில் ஸ்வெட்டர் கேட்டுக் கடை கடையாக அலைந்ததும் நான்தான்.

அவர் இருந்த கிராமத்தை நான் போனில்தான் பார்த்திருக்கிறேன். கல்லை அடுக்கிக் கட்டிய இருபது வீடு, ஒரு டீக்கடை, பள்ளத்தில் ஓர் ஆறு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் வேறு நாடு. "அங்கன ஒருத்தன் மாடு மேய்க்கான், நம்மூரு ஆளு கணக்காத்தான் இருக்கான்" என்பார். டீக்கடையில் மட்டும்தான் டவர் கிடைக்கும். தினமும் சாயங்காலம் அங்கே வந்து என்னிடம் பேசிவிட்டுப் போவார்.

போன தை மாதம் நாலு நாள் போனே வரவில்லை. அந்த நேரம் பார்த்து, எங்கேயோ பனி சரிந்து சாலை மூடிக்கொண்டதாக டிவியில் காட்டினார்கள். எந்த மலை என்று காதில் வாங்குவதற்குள் விளம்பரம் வந்துவிட்டது. ஐந்தாம் நாள் காலையில், அவசரத்துக்கு என்று அவர் கொடுத்திருந்த டீக்கடைக்காரம்மா நம்பருக்கு அடித்தேன். எடுத்தவள் கடகடவென்று ஹிந்தியில் பேசினாள். எனக்குத் தெரிந்த ஹிந்தி "நஹி" ஒன்றுதான். இல்லை என்கிற அந்த வார்த்தையையும் சொல்லப் பயமாக இருந்தது.

தெருமுனையில் துணிக்கடை வைத்திருக்கும் பாய் பத்து வருஷம் வளைகுடாவில் இருந்தவர், ஹிந்தி பேசுவார். மாமியாரையும் கூட்டிக்கொண்டு அவர் கடைக்கு ஓடினேன். மறுபடி அடித்து ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தேன். பாய் குனிந்து போனையே பார்த்தபடி, அந்தம்மா சொன்னதை வார்த்தைக்கு வார்த்தை சொல்ல ஆரம்பித்தார்.

"மேல போய்ட்டாராம்மா."

பாய் நிமிரவில்லை.

"நாலு நாளாச்சாம். அவரு பெட்டியும் துணிமணியும் இவ கடையிலதான் கெடக்காம்."

அங்கே கிடந்த லுங்கிக் கட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். மாமியார் "என்னப் பெத்த எய்யா" என்று தலையில் அடித்துக்கொண்டு ஒப்பாரியே வைக்க ஆரம்பித்துவிட்டார். அந்தச் சத்தம் போன் வழியாக மலைக்குப் போய், அங்கே அந்தம்மாவும் பதறிப்போய் என்னவோ கேட்டாள். அப்போதுதான் பாய் எங்களைப் பார்த்தார். தான் சொன்னது என்ன என்பது அவருக்கும் அப்போதுதான் உறைத்தது.

"யா அல்லா. ஏம்மா, அழாதிய. மேலன்னா மலைக்கு மேல. மேல இருக்க கேம்ப்புக்குப் பனி அள்ளப் போயிருக்காராம். அங்கன டவர் கெடையாதாம். நேத்துகூட இவதான் ரொட்டி சுட்டுக் குடுத்து விட்டாளாம்."

மாமியார் பாதி ஒப்பாரியில் நிறுத்தினார். "நல்லாக் கேளுங்க பாய். உசுரோடதான இருக்கான்?"

பாய் கேட்டார். அந்தப் பக்கம் அந்தம்மா சிரித்த சிரிப்புக்கு அர்த்தம் சொல்ல ஆள் தேவைப்படவில்லை.

எனக்கு வந்ததே கோபம். "மலைக்குன்னு ஒரு வார்த்த சேத்துச் சொன்னா என்ன பாய்?" என்று கேட்டுவிட்டேன். "அவ சொன்னத அப்டியேதாம்மா சொன்னேன்" என்றார் பாவமாக. திட்டிக்கொண்டே சிரித்தேன், சிரித்துக்கொண்டே அழுதேன். அப்படியொரு நிம்மதி என் ஆயுசில் இருந்ததில்லை. பாய் எங்களுக்கும், தனக்கும் சேர்த்து டீ சொன்னார்.

அந்த வாரம் வியாழக்கிழமை மதியம் என் வீட்டுக்காரரே அடித்தார். திட்டுவதற்கு நிறைய சேர்த்து வைத்திருந்தேன்.

"ஏட்டி, கீழ வந்துட்டேன்" என்றார்.

சேர்த்து வைத்ததை எல்லாம் விட்டுவிட்டு, "எங்க இருக்கீய? இன்னொரு தடவ சொல்லுங்க" என்றேன்.

"கீழதான். டீக்கடையில. ஒனக்கென்ன கோட்டியா பிடிச்சிருக்கு?"

மாமியாரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். மறுபடியும் சொல்லச் சொன்னேன்.