மஞ்சள் கசிந்த இடம்

அண்ணன் இறந்த பிறகு அவருடைய பிக்கப் வண்டி என் கைக்கு வந்தது. ஆரம்பாக்கத்துப் பக்கம் ஏரிக்கரையில் இறால் ஏற்றி, ஐஸ் போட்டு, புதுவாயல் வரை கொண்டுபோவது அவர் தொழில். எழுபதுகளின் நடுவில் ஒரு மத்தியானம், எளாவூரில் வண்டியை ஓரங்கட்டி இறங்கி ரோட்டைக் கடந்தவரை லாரி அடித்துவிட்டது. பக்கத்தில் ஒரு பாட்டில் உடைந்து கிடந்தது. ஊருக்கு அது போதும். குடித்துவிட்டுத் தள்ளாடினார் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

இனிக் குடிக்க மாட்டேன் என்று அண்ணியின் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தவர் அவர். அதனால் அண்ணி அழவில்லை. சத்தியத்தை மீறிய ஆளுக்கு அழுகை ஒரு கேடா என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். மீன் ஆயும்போதும் திட்டு, விளக்கேற்றும்போதும் திட்டு. படத்துக்கு மாலை போட்டதுகூட நான்தான்.

வண்டியை ஓட்டத் தொடங்கியதும் இன்ஜின் சூடாவது தெரிந்தது. கரை மணலில் முதல் கியரில் உறுமிக்கொண்டு வந்து, தார் ரோட்டில் வேகம் எடுத்தால், எளாவூர் வரும்போது சூடு காட்டும் முள் உச்சிக்கு ஏறிவிடும். கோணியைப் போட்டு மூடியைத் திருகினால் ரேடியேட்டரில் பாதித் தண்ணீரைக் காணோம். அடியில் குனிந்தால் ஒரு சொட்டு ஈரம் இல்லை. வீட்டில் நிறுத்திக் கீழே சாக்கு விரித்து வைத்தேன். மறுநாளும் சாக்கு காய்ந்தே கிடந்தது. ஆயில் குச்சியை இழுத்துப் பார்த்தேன். ஆயிலிலும் தண்ணீர் கலக்கவில்லை.

புதுவாயல் மெக்கானிக் ஹோஸ்களை அமுக்கிப் பார்த்தார். ரேடியேட்டரைத் தடவிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“வண்டில ஒண்ணியும் இல்லபா. உங்க அண்ணன் தாகத்தோட பூட்டாரு. அவருதான் குடிச்சிக்கினு இருக்காரு. அந்த எடத்துல ஒரு கொடம் தண்ணி ஊத்திட்டு வா.”

சிரிக்கத்தான் நினைத்தேன். மறுநாளே எளாவூரில் நின்று ஒரு குடம் தண்ணீரை ஓரத்து மண்ணில் ஊற்றினேன். மண் அதை உறிஞ்சிய வேகத்தைப் பார்த்ததும் குடத்தோடு வண்டிக்கு ஓடினேன். அன்றைக்கும் முள் ஏறத்தான் செய்தது. பின்னால் யாரோ உட்கார்ந்து வருவதுபோல இருக்கும். கண்ணாடியைப் பார்க்காமல் ஓட்டப் பழகிக்கொண்டேன்.

வழியில் ஊற்ற ஒரு பாட்டிலில் தண்ணீர் வைத்துக்கொண்டேன். ஒரு மத்தியானம் அதுவும் தீர்ந்துவிட்டது. எளாவூரில் நிறுத்தி, எதிர்ப்பக்கக் குட்டையில் பிடித்து வரலாமென்று காலிப் பாட்டிலோடு ரோட்டில் கால் வைத்தவன் அப்படியே நின்றுவிட்டேன். அதே இடம். என் கையில் பாட்டில்.

அண்ணனும் இதற்குத்தான் இறங்கினாரா? ஒழுகல் கண்ணில் படாதவரை யாரிடம் சொல்ல முடியும்? சொன்னால் மெக்கானிக் சொன்ன பேய்க்கதையோடு இதையும் சேர்த்துவிடுவார்கள்.

ரேடியேட்டரில் சின்ன ஓட்டை என்றால் டிரைவர்கள் மஞ்சள்தூள் கரைத்து ஊற்றுவார்கள். தூள் போய் அடைத்துக்கொள்ளும். எனக்கு அடைப்பதைவிடக் கறை முக்கியம்; தண்ணீர் எங்கே கசிகிறது என்று அது காட்டிக்கொடுக்கும். அண்ணியிடம் மஞ்சள் கேட்டேன். பரணிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து, உள்ளே இருந்த குளிக்கிற மஞ்சளை அம்மியில் வைத்து நுணுக்கிக் கொடுத்தார்.

“எடுத்துக்கினு போ. எனக்கு இனிமே இன்னாத்துக்கு.”

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

கரைத்து ஊற்றி, மணலில் ஓட்டி, ரோட்டில் விரட்டி, எளாவூரில் இன்ஜினை அணைக்காமலே பானட்டைத் தூக்கினேன். சைலன்சர் குழாயின்மேல் மஞ்சளாகப் புள்ளி புள்ளியாகக் கறை. இன்ஜினை அணைத்து, சூடு ஆறியதும் கறை வந்த வழியே மேலே தடவிக்கொண்டு போனேன். வாட்டர் பம்ப்புக்கு அடியில், கண்ணுக்கு மறைவாக, விரல் நீளத்தில் ஒரு ரப்பர் ஹோஸ். அதன் பின்புறம் மயிரிழை வெடிப்பு. சூடேறி அழுத்தம் கூடும்போது மட்டும் அது வாயைத் திறக்கிறது. பீச்சுகிற தண்ணீரை ஃபேன் காற்று கொதிக்கும் குழாயில் அடிக்கிறது. அது தரையைத் தொடுமுன் ஆவியாகிவிடுகிறது. புதுக் கறைக்கு அடியில் பழைய மஞ்சள் காய்ந்து பொருக்காகியிருந்தது. அண்ணனும் மஞ்சள் ஊற்றிப் பார்த்திருக்கிறார்.

புது ஹோஸ் துண்டு வெட்டி மாட்டி, இரண்டு கிளிப்பையும் முறுக்கினேன். புதுவாயல் போய்த் திரும்பினேன். தண்ணீர் ஊற்றிய அளவிலேயே நின்றது. வண்டியில் நான் மட்டும் இருந்தேன். அது எனக்குத் தாங்கவில்லை.

பழைய ஹோஸை அண்ணியிடம் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அதை வளைத்தார், வெடிப்பு திறந்தது. விட்டார், மூடிக்கொண்டது. திரும்பத் திரும்ப அதையே செய்துகொண்டிருந்தார்.

“அப்போ அவரு குடிக்கல.”

“இல்ல அண்ணி. வண்டிக்குத் தண்ணி புடிக்கத்தான் எறங்கியிருக்காரு.”

“குடிச்சிட்டு பூட்டான் பாவின்னு திட்டிக்கினே இத்தினி நாளு தள்ளிட்டேன். இனிமே நான் இன்னா சொல்லி திட்டுவேன்?”

அன்றைக்குத்தான் அண்ணி அழுதார்.