பெண்ணம்மா எடுத்த நகல்

பெண்ணம்மச் சேடத்திக்கு யோசனை சொல்ல ஆளுக்குப் பஞ்சமே இல்லை. மகள் ஜின்சி அயர்லாந்தில் நர்ஸ். அங்கிருந்து ஒரு யோசனை வரும். மகன் ஜோமோனுக்குப் பெங்களூரில் வேலை, அங்கிருந்து இன்னொன்று. பாலா டவுனில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற கடைக்காரன் இந்த இரண்டையும் தள்ளிவிட்டு மூன்றாவதாக ஒன்று சொல்வான். வந்து கைகொடுக்கத்தான் யாருமில்லை. வேலிக்கு இந்தப் பக்கம், அவளை அக்கா முறையில் சேடத்தி என்று கூப்பிடும் நான் இருக்கிறேன், சரி. ஆனால் எனக்கும் கம்ப்யூட்டருக்கும் ஏழாம் பொருத்தம்.

சேடத்தியின் கணவர் வர்க்கிச்சன், எங்கள் சர்ச் பாட்டுக் குழுவைப் பல வருடங்கள் கட்டி மேய்த்தவர். ஜோமோன் படிக்கும்போது வாங்கிய கம்ப்யூட்டர், அவன் ஊரைவிட்டுப் போனதும் அவருடையதாகிவிட்டது. விடியலில் ரப்பர் மரம் கீறி, பால் எடுத்து, ஷீட் அடித்து முடித்ததும் மைக்கை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். பெரிய வெள்ளிக்குப் பாடுவது, பெருநாளுக்குப் பாடுவது, சவத்தின் பின்னால் பாடுவது என்று ஒவ்வொன்றாகப் பாடிப் பதிவு செய்வார். அதில் ஒன்றைக்கூட எங்களுக்குக் கொடுத்ததில்லை. "காதால கேட்டு வாயால படிங்க. பெட்டியில கேட்டுப் படிச்சா பெட்டி மாதிரிதான் பாடுவீங்க" என்பார். கர்வம் பிடித்த மனுஷன்தான். குரல் அப்படி.

கம்ப்யூட்டர் இருந்த அறைக்கும் அடுக்களைக்கும் நடுவே பாதிச் சுவர்தான். அவர் தொண்டையைச் செருமும் நேரத்தில்தான் சேடத்திக்குத் தேங்காய் அரைக்க வேண்டியிருக்கும்.

"எடி பெண்ணம்மே, அந்த மிக்ஸிய நிறுத்துடி! இங்க ஒரு மனுஷன் பாடறது தெரியலையா?"

"மத்தியானம் பாட்டையா பிசைஞ்சு திங்கப் போறீங்க?" என்று அவள் திருப்பிக் கேட்பாள். ஆனாலும் நிறுத்திவிடுவாள். தினமும் இந்தக் கச்சேரி கேட்டுத்தான் என் வீட்டில் காலைக் காப்பி.

பிறகு ஒரு நாள் வர்க்கிச்சனுக்குப் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் விழுந்தது, பேச்சும் கூடவே போனது. 'ஆ' என்று ஒரு சத்தம் மட்டும் மிஞ்சியது. பசிக்கும் அதுதான், வலிக்கும் அதுதான், ஈ மொய்த்தாலும் அதுதான். சேடத்தி அவரைத் திருப்பிப் படுக்க வைப்பாள், துடைப்பாள், கஞ்சி ஊட்டுவாள், துணி துவைப்பாள், மறுபடி திருப்பிப் படுக்க வைப்பாள். மிக்ஸியை எப்போது வேண்டுமானாலும் ஓட்டலாம் என்றாகிவிட்டது. மத்தியானம் அவர் கண்ணயர்ந்ததும் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்து ஒரே ஒரு பாட்டு கேட்பாள்.

"அச்சாயனோட பேச்சு இதுக்குள்ளதான் கெடக்கு அன்னக்குட்டி" என்று புருஷனைப் பற்றி என்னிடம் ஒருமுறை சொன்னாள். "இதுவும் போச்சுன்னா, ஆளு இருந்தும் இல்லாத கணக்குதான்."

அந்தக் கம்ப்யூட்டர் கடகடவென்று இரைய ஆரம்பித்தபோதுதான் யோசனைகள் வந்து குவிந்தன.

கிறிஸ்துமஸுக்கு வந்த ஜோமோன் ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கி எல்லாவற்றையும் அதில் ஏற்றினான். "அம்மச்சி, அப்பச்சன் பாட்டு மொத்தமும் இதுல இருக்கு. பத்திரமா வையுங்க. ஈரம் மட்டும் படக்கூடாது" என்று கையில் கொடுத்துவிட்டு பஸ் பிடித்தான்.

ஈரம் படக்கூடாதாம். எங்கள் ஊர் மழைக்காலத்தில் பீரோவுக்குள் இருக்கும் பெல்ட்டில் பூஞ்சை பூக்கும், வேதபுத்தக அட்டையிலும் பூக்கும். ஈரம் ஆகாத எதையும் நாங்கள் வைக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான்: விறகடுப்புக்கு மேலே இருக்கும் பரண். மீன் கறிக்குப் போடும் குடம்புளி, பாகல் விதை, உப்பு மீன் எல்லாம் அங்கேதான் புகை குடித்துக்கொண்டு கிடக்கும். சேடத்தி ஹார்ட் டிஸ்க்கைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, துணி சுற்றி, குடம்புளிப் பானைக்குப் பக்கத்தில் வைத்தாள். எனக்கும் அது நல்ல இடமாகத்தான் பட்டது.

ஓணத்துக்கு முன் புளி எடுக்கக் கையைவிட்டபோது அதுவும் கூட வந்தது. உறை உருகி ஒட்டியிருந்தது. ஓரம் வளைந்திருந்தது. பாலாக் கடைக்காரன் அதை மூக்கருகே கொண்டுபோய், "சேடத்தி, இத மீன் கறியில போடலாம். கம்ப்யூட்டர்ல போட முடியாது" என்றான்.

ஜோமோன் போனில் முதலில் சிரித்தான், அப்புறம் எரிந்து விழுந்தான். "ஹார்ட் டிஸ்க்க யாராச்சும் புகை போடுவாங்களா அம்மச்சி?"

"ஈரம் படக்கூடாதுன்னு நீதானடா சொன்ன? ஒரு மழைக்காலம் வந்து இருந்து பாரு. உன்னையே தூக்கி அங்கதான் வெக்கணும்."

அடுத்தது ஜின்சியின் முறை. "அம்மச்சி, இன்டர்நெட்ல ஏத்தி வெச்சுட்டா வீடே எரிஞ்சாலும் போகாது" என்றாள். நல்ல மகள், நல்ல வாக்கு. ஆனால் கம்ப்யூட்டர் கிழடு. அந்தப் பக்கத்தைத் திறக்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. ஒரு நாள் எப்படியோ திறந்து ஏற ஆரம்பித்தது. பாதி ஏறுவதற்குள் ரப்பர் கிளை முறிந்து கம்பி மேல் விழுந்து கரண்ட் போனது. மறுநாள் மறுபடி ஆதியிலிருந்து. அதற்கும் மறுநாள் திறக்கவேயில்லை. பென் டிரைவைச் செருகினால் கொஞ்ச நேரத்தில் அப்படியே உறைந்து நின்றது. கடைக்காரன் பெட்டியைக் கொண்டுவந்து ஒரு வாரம் விட்டுவிட்டுப் போகச் சொன்னான்.

"ஒரு வாரமா? அதுவரைக்கும் மத்தியானம் நான் என்ன செய்ய?" என்றாள் சேடத்தி. அதை யார் தூக்கிக்கொண்டு போவது, அந்நேரம் வர்க்கிச்சனை யார் பார்ப்பது என்றும் இருந்தது.

அன்று சாயங்காலம் என் அடுக்களைப் படியில் வந்து உட்கார்ந்தவள் வெகுநேரம் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே இருந்தாள். "வழி சொல்லிச் சொல்லி அவங்க ஓயல, கேட்டுக் கேட்டு நான்தான் ஓஞ்சுட்டேன். எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். அமுக்கினா பாடும். பாடினா போன்ல பிடிக்கலாம். அது போதும் எனக்கு."

இப்போது பாட்டுக் குழுவை நடத்துகிற தங்கச்சன் அதைக் கேட்டுவிட்டு, "பிடிச்சு நம்ம வாட்ஸப் குரூப்ல போடுங்க சேடத்தி. இத்தன பேர் போன்ல கெடந்தா எங்க போயிடும்?" என்றான். இதுவரை வந்த யோசனைகளில் உருப்படியானது அதுதான் என்பேன்.

அன்றிலிருந்து மத்தியானத்துக்கு ஒரு பாட்டு. வர்க்கிச்சனுக்கு நான் காவல். பாதிச் சுவருக்கு மேலாக சேடத்தி செய்வது தெரியும். போனை ஸ்பீக்கர் பக்கம் பிடித்துக்கொண்டு, கட்டை விரலைத் தூக்கி வைத்துக் காத்திருப்பாள். பதிவில் முதலில் மிக்ஸி இரையும். பிறகு "எடி பெண்ணம்மே" என்று ஒரு கத்தல். மிக்ஸி நிற்கும். பாட்டு தொடங்கும். அப்போதுதான் விரலை அமுக்குவாள்.

"அந்தக் கத்தலையும் சேர்த்துப் பிடிச்சா என்ன சேடத்தி?" என்று கேட்டேன்.

"சும்மா இருடி. குரூப்ல நம்ம சர்ச் விகாரியச்சன் இருக்கார். படுத்துக் கெடக்கிற மனுஷன் ஒரு காலத்துல பொண்டாட்டிய விரட்டினத ஊரு கேக்கணுமா? அது எனக்குக் கம்ப்யூட்டர்ல இருக்குல்ல, போதும்."

அவள் சொன்னதில் தப்பில்லை. வீட்டுப் பேச்சு வீட்டோடு இருக்கட்டும் என்றுதான் நானும் நினைத்திருப்பேன். கிட்டத்தட்ட எல்லாப் பாட்டும் குரூப்புக்கு வந்து சேர்ந்தது. கல்யாண வீட்டில், சாவு வீட்டில், பஸ்ஸில், எல்லார் போனிலும் வர்க்கிச்சன் பாடினார்.

ஐப்பசி, எங்கள் கணக்கில் துலா மாதம், பிறந்தது. துலா மாதத்து இடி எங்கள் ஊரில் மத்தியானம் தாண்டித்தான் வரும், சொல்லிக்கொண்டு வரும். முதல் முழக்கம் கேட்டதும் வீட்டுக்கு வீடு ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்குவோம். அன்று நான் பாலாவுக்குப் போயிருந்தேன். சேடத்தி வர்க்கிச்சனைக் கட்டிலில் ஒருக்களித்துப் பிடித்து, முதுகில் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். முழக்கம் கேட்டது. கம்ப்யூட்டர் பிளக் நாலு எட்டில்தான் இருந்தது. கையை எடுத்தால் அவர் உருண்டு தரையில் விழுவார். எடுக்காவிட்டால் அது போகும். அவள் கையை எடுக்கவில்லை. வீடு முழுக்க ஒரு வெள்ளை வெளிச்சம் அடித்தது. பிறகு அந்த அறையிலிருந்து தீய்ந்த வாடை வந்தது.

கடைக்காரன் திறந்து பார்த்துவிட்டு மூடி வைத்தான். உள்ளே எதையும் மீட்க முடியாது என்றான். ஜோமோன் போனில், "அதான் பாட்டெல்லாம் குரூப்ல இருக்கே அம்மச்சி, அப்புறம் எதுக்கு வருத்தம்?" என்றான். ஜின்சியும் அதையேதான் சொன்னாள்.

சேடத்தி இருவருக்கும் சரி சரி என்றுவிட்டு வேலி ஓரம் வந்து நின்றாள். "பாட்டு இருக்குடி அன்னக்குட்டி. மொத்தமும் இருக்கு. அதுல ஒண்ணுலயாவது அவர் என்ன கூப்பிடறாரா? நானே பார்த்துப் பார்த்துக் களஞ்சுட்டேனே."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அழவில்லை, அழக்கூடத் தெம்பில்லாமல் நின்றாள்.

என் வாய் சும்மா இருக்காது. தங்கச்சனிடம் போய்ச் சொன்னேன். அவன் முகம் ஒரு மாதிரி ஆனது. மறுநாள் போனை எடுத்துக்கொண்டு சேடத்தியின் அடுக்களைக்கே வந்துவிட்டான்.

"சேடத்தி கோவிச்சுக்கக் கூடாது. பெரிய வெள்ளிப் பாட்டு ஒண்ணுல கொஞ்சம் முன்னாலயே அமுக்கிட்டீங்க. நாங்க அத உங்ககிட்ட சொல்லல. பயிற்சிக்கு உக்காந்தா சிரிக்கறதுக்கு அதத்தான் முதல்ல போடுவோம்."

"என்னடா அது?"

அவன் போட்டான். மிக்ஸியின் இரைச்சல். அதற்கு மேலே, தொண்டை கிழிய வர்க்கிச்சன்: "...ணம்மே, அந்த மிக்ஸிய நிறுத்துடி! இங்க ஒரு மனுஷன் பாடறது தெரியலையா?" இரைச்சல் நின்றது. பாட்டு ஆரம்பித்தது. பெயரில் முன்பாதி இல்லை. பின்பாதிதான் இருந்தது.

சேடத்தி கையிலிருந்த தேங்காய் மூடியை மேடைமேல் வைத்தாள்.

"நிறுத்தியாச்சு அச்சாயா" என்றாள். மிக்ஸி கழுவிக் கவிழ்த்து வைத்தபடியே இருந்தது.

உள்ளேயிருந்து 'ஆ' என்று சத்தம் வந்தது. கஞ்சி நேரம். அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனவள் வாசற்படியில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"அத அழிச்சுடாதடா தங்கச்சா."